ஈயம் அங்கே இலவசம்

கேள்வி: எனக்கு வயது 34. கோயம்புத்தூரில் வங்கி வேலை. உயரம் 152 செ.மீ., எடை 47 கிலோ. இரண்டு வருடம் முன்பு புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுக்கொண்டு ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வாங்கினேன். இதுவரை 14 டைவ். போன ஜனவரியில் ஹேவ்லாக் போனபோது வாடகைக்குக் கிடைத்த ஜாக்கெட், தண்ணீருக்கு மேலே வந்ததும் காதுவரை ஏறிக்கொண்டது. சிலிண்டர் பின்மண்டையில் இடித்துக்கொண்டே இருந்தது. சொந்தமாக ஒரு பிசிடி (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் அந்த ஜாக்கெட்) வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன். வருகிற பிப்ரவரியில் மறுபடி அந்தமான், அடுத்த வருடம் மாலத்தீவு. உள்நாட்டு விமானத்தில் 15 கிலோதான் விடுகிறார்கள். ஒரு கடையில், "தூக்கும் சக்தி எவ்வளவு அதிகமோ அவ்வளவு பாதுகாப்பு" என்று சொல்லி, 20 கிலோ தூக்கக்கூடிய, தானே 4 கிலோ எடையுள்ள ஜாக்கெட்டைக் காட்டினார்கள். எங்களோடு வரும் அண்ணன் ஒருவர், "ஸ்டீல் பேக்பிளேட் வாங்கும்மா, ஆயுசுக்கும் வரும்" என்று, முதுகில் கட்டும் தகட்டைச் சொல்கிறார். என் கணவர் வாடகையே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? 3 மி.மீ. வெட்சூட்தான் (ரப்பர் நீச்சலுடை) போடுகிறேன். ஹேவ்லாக்கில் பெல்ட்டில் 8 கிலோ கட்டினார்கள்.

பதில்: வணக்கம். போகிற போக்கில் எழுதியிருக்கிற அந்தக் கடைசி வரியில்தான் என் கண் நின்றது. 47 கிலோ உடம்பு, 3 மி.மீ. வெட்சூட், இளஞ்சூடான கடல், இடுப்பில் 8 கிலோ ஈயம். உங்கள் பிரச்சினையில் பாதி ஜாக்கெட், பாதி இந்த ஈயம். ஈயத்தைச் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல பிசிடி வாங்கினாலும் அதே தொல்லை வேறு உருவத்தில் வரும்.

ஏன் இவ்வளவு கட்டினார்கள் என்றால், புதிதாக வருகிறவர்கள் பதற்றத்தில் நெஞ்சு நிறைய மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலேயே மிதப்பார்கள். படகில் இன்னும் ஆறு பேர் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் பயிற்சியாளருக்கு எளிய வழி, இன்னும் 2 கிலோவைச் செருகிவிடுவது. இந்தத் தொழிலுக்கு வந்த முதல் மூன்று நான்கு வருடம் நானும் அதைத்தான் செய்தேன், பெருமையாகச் சொல்லவில்லை.

மேலே வந்ததும் ஜாக்கெட் காதுவரை ஏறியதற்குக் காரணமும் இதுதான். இடுப்பில் 8 கிலோ உங்களைக் கீழே இழுக்கிறது. ஜாக்கெட்டுக்குள் இருக்கிற காற்று ஜாக்கெட்டை மேலே இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நீங்கள். ஜாக்கெட் இரண்டு அளவு பெரிதாகவும் இருந்தால் அது உங்களை விட்டுவிட்டுத் தனியாக மேலே போகத்தான் பார்க்கும். முகவாய்க்கட்டை ஜாக்கெட்டுக்குள் புதைந்துவிடும், நெஞ்சை அழுத்தும், மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும்.

கணக்கைப் பார்ப்போம். நம் பக்கத்து டைவ் சென்டர்களில் கொடுப்பது பெரும்பாலும் "80" என்று சொல்லப்படும் அலுமினிய சிலிண்டர். கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் ஆரம்பித்து 50 பாரில் மேலே வருகிறீர்கள் என்றால் 150 பார் செலவாகியிருக்கும். 11.1-ஐ 150 ஆல் பெருக்கினால் 1665 லிட்டர் காற்று. ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிராம். ஆக, டைவ் முடியும்போது சிலிண்டர் 2 கிலோ இளைத்திருக்கும். நிறைந்திருக்கும்போது தண்ணீரில் மூழ்கும் அதே அலுமினிய சிலிண்டர், காலியாக ஆக மிதக்கத் தொடங்குவது இதனால்தான். ஈயம் கட்டுவது இறங்குவதற்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கடைசி ஐந்து நிமிடத்துக்கானது: 5 மீட்டரில், 50 பாரில், ஜாக்கெட்டில் துளி காற்றில்லாமல், ஏறாமலும் இறங்காமலும் நிற்பதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் உங்கள் ஈயம். உங்கள் உடல்வாகுக்கு அது 4 கிலோவை ஒட்டித்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஊகத்தை வைத்துக் கட்ட வேண்டாம். பிப்ரவரியில் முதல் டைவ் முடிவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள். காற்றை முழுதும் வெளியேற்றியதும் கல் மாதிரி கீழே இழுத்தால் அடுத்த டைவுக்கு 1 கிலோ குறையுங்கள். மறுபடி சோதியுங்கள். ஒரே தடவையில் 4 கிலோவை எடுத்துவிட்டு, கடைசியில் நிற்க முடியாமல் மேலே மிதந்து போவது அதைவிட ஆபத்து.

கோவையில் நீச்சல் குளத்தில் பார்க்க வசதி இருந்தால் பாருங்கள். ஆனால் கடல்நீர் உப்பால் கனமானது, கூடுதலாக மிதக்க வைக்கும். குளத்தில் வந்த எண்ணோடு உங்கள் அளவு ஆளுக்கு 2 கிலோ போலக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இனி கடைக்காரர் சொன்ன 20 கிலோவுக்கு வருகிறேன். சரியான ஈயத்தோடு இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டைவின் ஆரம்பத்தில், 18 மீட்டரில், உங்களைக் கீழே இழுப்பவை இரண்டு. ஒன்று, இன்னும் செலவாகாத அந்த 2 கிலோ காற்று. இன்னொன்று, ஆழத்தின் அழுத்தத்தில் நசுங்கிப் போகும் வெட்சூட். உங்கள் அளவு 3 மி.மீ. சூட் மேலே 1.5 கிலோ போல மிதப்புத் தரும். 18 மீட்டரில் அதில் ஒரு கிலோ காணாமல் போய்விடும். மொத்தம் 3 கிலோ. அதை ஈடுகட்ட பிசிடிக்குள் 3 லிட்டர் காற்று போதும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் மூன்றை மனதில் நினைத்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

இதே இடத்தில் 4 கிலோ ஈயம் அதிகமாக இருந்தால் 7 லிட்டர் காற்று அடைக்க வேண்டும். இப்போது 18 மீட்டரிலிருந்து 8 மீட்டருக்கு ஏறுங்கள். அழுத்தம் 2.8-லிருந்து 1.8 ஆகக் குறைகிறது. 3 லிட்டர் 4.7 ஆகும், 7 லிட்டர் ஏறக்குறைய 11 ஆகும். முதல் ஆளுக்கு 1.7 கிலோ கூடுதல் இழுப்பு, அதை ஒரு மூச்சிலும், காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வை ஒரு தட்டு தட்டுவதிலும் சமாளித்துவிடலாம். இரண்டாம் ஆளுக்கு 4 கிலோ. புதியவர்கள் ராக்கெட் மாதிரி மேலே போவது பெரும்பாலும் இப்படித்தான்.

தண்ணீருக்கு மேலே தலையை வசதியாக வெளியே வைத்திருக்க இன்னும் 4, 5 கிலோ தூக்கல் வேண்டும். அப்புறம் ஒரு சோதனை: நீங்கள் கழற்றிவிட்ட நிலையில் நிறை சிலிண்டர், ரெகுலேட்டர் (மூச்சுக்கருவி), பையில் 4 கிலோ ஈயம் எல்லாமாகச் சேர்ந்து பிசிடி தானே மிதக்க வேண்டும். அதற்கு 6 கிலோ போதும். எப்படிக் கூட்டினாலும் உங்களுக்கு 10 கிலோ தூக்கல் போதுமானது, 12 இருந்தால் தாராளம். 20 கிலோ என்பது 7 மி.மீ. சூட்டும் கனத்த ஈயமும் போட்டுக் குளிர்க்கடலில் இறங்குபவர்களுக்கு. உங்களுக்கு அது மழைக்குடைக்குப் பதில் பந்தல் தூக்கிக்கொண்டு நடப்பது மாதிரி. பாதி நிரம்பிய பெரிய பைக்குள் காற்று இங்கும் அங்கும் புரளும், நீரோட்டத்தில் இழுக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில வருடம் முன்பு ஒரு சீசன் முடிந்து என் பிசிடியைச் சரியாக அலசாமல் பரணில் போட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து எடுத்துக்கொண்டு இறங்கினேன். 16 மீட்டரில் பைக்குள் லேசாகக் காற்று ஏற்ற, இன்ஃப்ளேட்டர் (காற்றடைக்கும் கருவி) பட்டனைத் தட்டினேன்; தட்டியது தட்டியபடி உள்ளேயே நின்றுவிட்டது. உப்பு உறைந்திருக்கிறது. காற்று உஸ்ஸென்று போய்க்கொண்டே இருக்கிறது. இடது கையால் டம்ப் வால்வுக் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் இன்ஃப்ளேட்டர் ஹோஸைக் கழற்றினேன். மூன்று நான்கு விநாடி வேலை. அன்று நான் போட்டிருந்தது சின்ன விங், அதாவது முதுகில் மட்டும் இருக்கும் காற்றுப்பை. 20 கிலோ பையாக இருந்திருந்தால் நான் உணர்வதற்குள் அது எவ்வளவு விழுங்கியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பதுண்டு. அந்த ஹோஸைக் கண்ணை மூடிக்கொண்டு, ஒரே கையால் கழற்றிப் பழகுங்கள். வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

அண்ணன் சொன்ன ஸ்டீல் பேக்பிளேட்டைப் பற்றி. அவர் தப்பாகச் சொல்லவில்லை. நானே சொந்த ஊரில் இருக்கும்போது அதைத்தான் போடுகிறேன். தகடு வளையாது, கிழியாது, ஹார்னஸ் பட்டையை வெட்டி உடம்புக்குத் தகுந்தபடி கோர்த்துக்கொள்ளலாம். தகடே ஏறக்குறைய இரண்டரை, மூன்று கிலோ எடை. அந்த அளவுக்கு ஈயம் குறையும். காரில் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகிறவர்களுக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் நீங்கள் கோவையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து போர்ட் பிளேர் என்று பறக்கிறீர்கள். (பெயர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஹேவ்லாக்கும் 2018 கடைசியிலேயே ஸ்வராஜ் த்வீப் ஆகிவிட்டது. படகுத்துறையில் கேட்டால் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) ஹேவ்லாக் போய் இறங்கினால் ஈயத்தை டைவ் சென்டரே கொடுக்கும், அதற்கென்று தனிக் காசும் கிடையாது. அங்கே சும்மா கிடைக்கிற கனத்தை இங்கிருந்து காசு கொடுத்து வாங்கி, விமானத்தில் கூடுதல் எடைக்கும் காசு கட்டித் தூக்கிக்கொண்டு போவானேன்? அலுமினியத் தகடு கிலோவை ஒட்டித்தான் இருக்கும், அதுகூடப் பரவாயில்லை. ஆனால் 152 செ.மீ. உயரத்துக்குச் சாதாரண நீளத் தகடு முதுகில் பொருந்துமா என்பது சந்தேகம். கட்டைத் தகடு தேடி அலைய வேண்டிவரும்.

இந்த ஈய விஷயத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு. தராசில் எடை குறைவான பிசிடி எல்லாம் தண்ணீரிலும் லேசு என்று நினைத்துவிடாதீர்கள். முதுகுக்கும் தோளுக்கும் தடித்த ஃபோம் மெத்தை வைத்துத் தைத்த ஜாக்கெட், காற்றே இல்லாமல் அரை கிலோ, ஒரு கிலோ மிதக்கும். அந்த மிதப்பை அடக்க ஈயம் கூட்ட வேண்டும். கடையில் அணைத்துப் பார்க்கும்போது மெத்து மெத்தென்று இருப்பதுதான் இதில் ஏமாற்றுகிறது. தண்ணீருக்குள் தோளில் பாரமே இல்லாதபோது மெத்தை எதற்கு? கரையிலிருந்து படகுவரை நடக்கிற இருபது அடிக்காகவா?

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் அந்தக் காலத்து முத்துக்குளிப்பவர்கள் கல்லைக் கயிற்றில் கட்டி, அதில் கால் வைத்து இறங்குவார்கள். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள். படகில் இருப்பவர் கல்லைத் தனியாக மேலே இழுத்துக்கொள்வார். இறங்க மட்டும்தான் கல், வேலை செய்யும்போது கல் வேண்டாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்கு 8 கிலோவை நாற்பது நிமிடம் சுமந்து திரிய வேண்டியிருக்கிறது.

சரி, எதை வாங்கலாம்?

பயணத்துக்கென்றே செய்யும் பிசிடிகள் 2 முதல் 3 கிலோவுக்குள் வந்துவிடும். முதுகில் கெட்டித் தகடுக்குப் பதில் துணி அல்லது மெல்லிய பிளாஸ்டிக். மடித்தால் பாதியாகச் சுருங்கும். ஸ்கூபாப்ரோ, அக்வா லங், கிரெஸ்ஸி, மாரெஸ் எல்லாரிடமும் இந்த வகை உண்டு. காற்றுப்பை முதுகுப் பக்கம் மட்டும் இருக்கிற வகை, விலாவைச் சுற்றி வருகிற ஜாக்கெட் வகை என்று இரண்டு. உங்களுக்கு நான் சொல்வது முதல் வகை. குட்டையான உடம்பில் விலாவைச் சுற்றி வருகிற பை நிரம்பினால் நெஞ்சை இறுக்கும். நீங்கள் ஏற்கெனவே பட்ட அவஸ்தை அது. முதுகில் இருந்தால் முன்பக்கம் காலியாக இருக்கும், தண்ணீரில் படுக்கை வாட்டமாக நீந்தவும் தோது.

ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். முதுகுப்பை மேற்பரப்பில் உங்களை முன்னால் தள்ளி முகத்தைத் தண்ணீரில் அமுக்கப் பார்க்கும். புதிதில் எரிச்சலாக இருக்கும். பையை முழுக்க ஊதாமல் தலை வெளியே வருகிற அளவுக்கு மட்டும் ஊதுங்கள். சாய்வு நாற்காலியில் சாய்வது போலப் பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள். 4 கிலோவில் 1 கிலோவைச் சிலிண்டர் பட்டையில் இருக்கும் சின்னப் பைக்கு மாற்றினால் இந்தத் தள்ளல் பெரிதும் அடங்கிவிடும். மீதி 3 கிலோ பெல்ட்டில், அவசரத்துக்கு ஒரே இழுப்பில் கழற்றிவிடுகிற மாதிரி இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எந்த பிசிடியும் உயிர்காக்கும் மிதவை அல்ல. நினைவிழந்தவரின் முகத்தைத் தானாக மேலே திருப்பி வைக்கும் என்று எதையும் நம்ப முடியாது.

அளவுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அக்வா லங்கின் ரோக், அவுட்லா மாதிரிகளில் தோள் பகுதி, இடுப்புப் பகுதியைத் தனித்தனி அளவில் எடுத்துக் கோர்க்கலாம். உங்கள் உடல்வாகுக்கு அது ஒரு வசதி. மற்றவற்றில் எக்ஸ்எஸ் அளவைக் கேளுங்கள். "எஸ் போட்டுப் பட்டையை இறுக்கிக்கொள்ளுங்கள் மேடம், அதுதான் ஸ்டாக்கில் இருக்கிறது" என்பார்கள். வேண்டாம். பட்டையைத்தான் இறுக்கலாம், பையின் நீளத்தைக் குறைக்க முடியாது. ஜாக்கெட் வகையில் அளவு சிறுக்கச் சிறுக்கத் தூக்கும் சக்தியும் குறையும். விளம்பரத்தில் போட்டிருப்பது பெரிய அளவுக்கானதாக இருக்கலாம். உங்கள் அளவின் லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கடைக்கு வெட்சூட்டை எடுத்துக்கொண்டு போங்கள். சுரிதார் மேல் போட்டுப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. வெட்சூட் அணிந்து, பிசிடியைப் போட்டு எல்லாப் பட்டைகளையும் மாட்டிக்கொண்டு, டம்ப் வால்வு தானாகக் காற்றை விடுகிறவரை வாயால் ஊதச் சொல்லுங்கள், அல்லது நீங்களே ஊதுங்கள். இப்போது ஆழமாக மூச்சு இழுங்கள். நெஞ்சு விரிய இடம் இருக்க வேண்டும். கூட வந்தவரைப் பின்னால் நின்று இரண்டு தோள்பட்டைகளையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். இரண்டு விரல் அளவுக்குத் தூக்கினால் சரி. காது நோக்கி வந்தால் அங்கேயே கழற்றிவிடுங்கள், தள்ளுபடி எவ்வளவு சொன்னாலும். பிறகு உண்மையான சிலிண்டரை மாட்டி நிற்கச் சொல்வார்களா என்று கேளுங்கள். தலையைப் பின்னால் சாய்த்தால் சிலிண்டர் வால்வில் இடிக்கக் கூடாது. கையைப் பின்னால் கொண்டுபோனால் வால்வு விரலுக்கு எட்ட வேண்டும். இரண்டும் ஒருசேர அமைகிற இடம் ஒன்றுதான் இருக்கும். அந்த இடத்தில் பட்டை சிலிண்டரின் எந்த உயரத்தில் வருகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் படகில் தடுமாற வேண்டாம்.

பட்டை என்றதும் இது: சிலிண்டரை மாட்டுவதற்கு முன் நைலான் பட்டையைத் தண்ணீரில் நன்றாக நனையுங்கள். காய்ந்த பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் நனைந்ததும் நெகிழும். பவளப்பாறைக்கு மேலே நீந்திக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து யாரோ ரெகுலேட்டரைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் சிலிண்டர் பட்டையிலிருந்து நழுவித் தொடையில் தொங்கும்.

இன்ஃப்ளேட்டர் எந்த வகை என்று கட்டாயம் கேளுங்கள். சிலவற்றில் இன்ஃப்ளேட்டரிலேயே மாற்று மூச்சுக்கருவியையும் சேர்த்திருப்பார்கள். ஒரு ஹோஸ் மிச்சம், எடை மிச்சம் என்று விற்பார்கள். அதற்கு வருகிற ஹோஸ் முனை வேறு. நீங்கள் பிசிடியை மட்டும் எடுத்துக்கொண்டு ரெகுலேட்டரை அங்கே வாடகைக்கு வாங்கப் போகிறீர்கள் என்றால், அவர்கள் ஹோஸ் உங்கள் இன்ஃப்ளேட்டரில் மாட்டாது. படகு கிளம்புகிற நேரத்தில் தெரியவரும். சாதாரண முனை உள்ள, எங்கும் பொருந்துகிற இன்ஃப்ளேட்டராகப் பாருங்கள்.

தோள்பட்டையில் ஒரே சொடுக்கில் கழற்றுகிற கொக்கி இருக்கட்டும். ஹேவ்லாக்கில் டுங்கி என்கிற மரப்படகில் போனால், மேலே ஏறுவதற்கு முன் தண்ணீரிலேயே பிசிடியைக் கழற்றிக் கொடுக்க வேண்டிவரலாம். கொக்கியில்லாத ஒற்றைப் பட்டை ஹார்னஸை அலையில் கழற்றுவதற்குள் உங்கள் உடம்புக்குப் போதும் போதும் என்றாகிவிடும். பொருள்களை மாட்டும் டி-ரிங் வளையம் உலோகத்தில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். மாலத்தீவில் கால்வாய் மாதிரியான இடைவெளிகளில் நீரோட்டம் பலமாக இருக்கும். ரீஃப் ஹூக்கும் (பாறையில் மாட்டி நிற்கும் கொக்கி) மேற்பரப்பு அடையாள மிதவையும் மாட்ட இடம் வேண்டும். பலூன் மாதிரி மேலே விடுகிற அந்த மிதவையை விடப் பழகாமல் மாலத்தீவுக்குப் போக வேண்டாம். பாக்கெட் பெரிதாக இல்லையே என்று கவலைப்படாதீர்கள். பெரிய பாக்கெட்டில் என்ன வைப்போம்? நானும் பார்க்கிறேன், மூக்குத் துடைக்கிற டிஷ்யூவும் கார் சாவியும்தான் இருக்கும்.

எடைக் கணக்கு: பிசிடி இரண்டரை, ஃபின் (கால் துடுப்பு) இரண்டு, வெட்சூட் ஒன்றரை, மாஸ்க்கும் ஸ்னார்க்கலும் மிதவையும் சேர்த்து ஒரு கிலோ. ஆக 7 கிலோ. துணிமணிக்கு 8 கிலோ கிடைக்கிறது. தினமும் ஈர உடையில் இருக்கப் போகிறவருக்கு அது அதிகம். பின்னால் ரெகுலேட்டர் வாங்கினால் அதைக் கைப்பையில் வையுங்கள். டார்ச்சின் லித்தியம் பேட்டரியும் கைப்பையில்தான் போக வேண்டும். கத்தி இருந்தால் செக்-இன் பையில். பிசிடியை முழுக்கக் காற்றிறக்கி, ஃபின் இரண்டுக்கும் நடுவில் சாண்ட்விச் மாதிரி வைத்தால் இன்ஃப்ளேட்டர் நசுங்காது.

திரும்பி வரும்போதுதான் எடை ஏமாற்றும். பைக்குள் தங்கிய கடல்நீரும் துணி குடித்த நீரும் சேர்ந்து ஒரு கிலோவுக்கு மேல் ஏறிவிடும். கடைசி டைவ் முடிந்து விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும் அல்லவா, பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்களுக்கு. அந்த நேரத்தைக் காயப்போட வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் உள்ளே அலச வேண்டும். வாயால் ஊதுகிற பட்டனை அழுத்திக்கொண்டு, குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டர் உள்ளே விடுங்கள். காற்றடைத்து, புரட்டிப் புரட்டிக் குலுக்குங்கள். தலைகீழாகப் பிடித்தால் இன்ஃப்ளேட்டர் வழியாகவும், நிமிர்த்தினால் கீழ் டம்ப் வால்வு வழியாகவும் வடியும். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து உப்புக் கரிக்கவில்லை என்றால் போதும். டைவ் சென்டர் வாசலில் இருக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியை நம்ப வேண்டாம். காலையிலிருந்து முப்பது பேர் முக்கியெடுத்த அந்தத் தண்ணீர் சாயங்காலம் கடலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பாதி ஊதி நிழலில் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் துணி வெளுக்கும், பை வெடிப்புவிடும். வருடத்துக்கு ஒருமுறை இன்ஃப்ளேட்டரைச் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும். அதனால் நீங்கள் வாங்கும் பிராண்டுக்கு இந்தியாவில் உதிரிபாகம் கிடைக்கிறதா என்பதை விலை கேட்பதற்கு முன் கேளுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 14 டைவ் செய்தவர்கள் பெரும்பாலோர் என்னிடம் கேட்டால், வாடகைக்கே எடுங்கள், முதலில் முகத்துக்குப் பொருந்துகிற மாஸ்க்கும் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும், கைக்கடிகார அளவில் ஒரு டைவ் கம்ப்யூட்டரும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். அவர் சொல்வது பொதுவில் சரி. உங்கள் விஷயத்தில் மட்டும் சரியில்லை, ஏனென்றால் வாடகைக் கூடத்தில் தொங்குவதெல்லாம் எம், எல் அளவுகள். 47 கிலோ ஆளுக்குப் பொருந்துவது எப்போதோ ஒன்று கிடைக்கும். கம்ப்யூட்டர் இன்னும் வாங்கவில்லை என்றால் மட்டும் அதை முதலில் வாங்குங்கள், பிசிடி மாலத்தீவுக்கு முன் வரட்டும்.

கடைசியாக, காசே செலவில்லாத ஒன்று. உங்கள் மண்டையில் இடித்த "80" சிலிண்டர் 66 செ.மீ. உயரம். "63" என்று ஒன்று உண்டு, 9 லிட்டர் கொள்ளளவு, அதே பருமன், ஆனால் 10 செ.மீ. கட்டை. உங்கள் உடம்புக்கு மூச்சுக்காற்றுச் செலவு கம்மியாகத்தான் இருக்கும்; கூட வருகிறவர்கள் 80-ல் முடிக்கிற டைவை நீங்கள் 63-ல் முடிப்பது நடக்காத காரியமல்ல. சின்னப் பிள்ளைகளுக்காகவும் குட்டையானவர்களுக்காகவும் சில சென்டர்களில் இரண்டு மூன்று வைத்திருப்பார்கள், கேட்காமல் எடுத்துத் தர மாட்டார்கள். இப்போதே ஒரு மெயில் போட்டு, உங்கள் உயரத்தையும் எடையையும் எழுதி, பிப்ரவரிப் பயணத்துக்கு ஒன்றை எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.